எளியோரைக் காப்பதே எல்லோருக்கும் காவல்



ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் நாம். மேட்டூரில் நீர் திறந்து, கல்லணையில் மதகு தூக்கி, வெண்ணாற்றிலும் புது ஆற்றிலும் தண்ணீர் வரும்போது பூதலூர் வட்டாரமே மகிழ்கிறது. அதே ஆறு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரையைத் தொட்டு ஓடும்போது நாம் அஞ்சுகிறோம். அப்போது ஊரார் என்ன செய்கிறார்கள்? கரை எங்கே மெலிந்திருக்கிறதோ அந்த இடத்தைத் தேடி ஓடுகிறார்கள். மணல் மூட்டையும் மூங்கிலும் வைக்கோலும் அங்கேயே கொண்டு சேர்க்கிறார்கள். "இது யாருடைய வயலை ஒட்டிய கரை? அவன் நல்லவனா, கெட்டவனா?" என்று எவரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஏனெனில், அந்த ஓரிடத்தில் உடைப்பு எடுத்தால் மூழ்குவது அவன் வயல் மட்டுமன்று என்பதை எல்லோரும் அறிவர்.

தொற்றுநோய்களும் இப்படிப்பட்டவையே. சமுதாயத்தில் எவர் மெலிந்தவரோ, எவருக்குப் பாதுகாப்புக் குறைவோ, அவர் வழியாகத்தான் அவை உள்ளே நுழைகின்றன. எய்ட்ஸ் நோய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தமிழகத்தில் அது கண்டறியப்பட்டு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த நாற்பது ஆண்டுகளில் நம் நாடு செய்த தவறுகளும் உண்டு, பெற்ற வெற்றிகளும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

"இவற்றையெல்லாம் பெண் பிள்ளைகளிடம் பேசலாமா?" என்று சில பெற்றோர் தயங்கலாம். அவர்களின் தயக்கத்தை மதிக்கிறோம். ஆயினும், இந்நோயைப் பற்றி அறியாத காரணத்தால் துன்புற்றவர்களில் குற்றமற்ற இளம் மனைவியரே ஏராளம். ஆகவே, அறியாமையைக் காட்டிலும் அறிவே நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.

கிருமியும் நோயும்

எச்.ஐ.வி. என்பது ஒரு வைரஸ் கிருமியின் பெயர். எய்ட்ஸ் என்பது அக்கிருமியால் உடல் நலிவுற்ற பின் தோன்றும் நிலை. இரண்டும் ஒன்றல்ல. நமது இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் சி.டி.4 என்று ஒரு வகை உண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் படைக்கு அவை தளபதிகள் போன்றவை. எச்.ஐ.வி. அந்தத் தளபதிகளையே தாக்குகிறது. படை தலைமையிழந்தபின் காசநோய் போன்ற பிற நோய்கள் எளிதில் உள்ளே புகுந்துவிடுகின்றன.

இந்நோய் முதன்முதலாக மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது 1981ஆம் ஆண்டில், அமெரிக்காவில். 1983இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி என்ற பெண் விஞ்ஞானியும் லுக் மோந்தான்யே என்பவரும் அவர்களுடைய குழுவினரும் கிருமியைக் கண்டறிந்தனர். அதற்காக அவ்விருவருக்கும் 2008இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கிருமி பரவும் வழிகள் நான்கே:

1. கிருமி உள்ளவருடன் பாதுகாப்பற்ற உடலுறவு.
2. கிருமி கலந்த இரத்தத்தை ஏற்றிக்கொள்ளுதல்.
3. ஒருவருக்குப் போட்ட ஊசியைச் சுத்திகரிக்காமல் மற்றவருக்குப் போடுதல்.
4. கிருமி உள்ள தாயிடமிருந்து, கருவிலோ பிறப்பின்போதோ தாய்ப்பால் வழியாகவோ குழந்தைக்குச் செல்லுதல்.

தொடுவதாலோ, கைகுலுக்குவதாலோ, ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ, ஒரே பெஞ்சில் உட்கார்வதாலோ, இருமல், தும்மலாலோ, கொசுக் கடியாலோ இது பரவாது. இந்த வரியை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நாம் காணப்போகும் கொடுமைகள் பலவும் இந்த ஒரு வரியை அறியாததால் விளைந்தவை.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கிருமி உடலில் புகுந்த பின்பும் எட்டு, பத்து ஆண்டுகள் வரை ஒருவர் திடகாத்திரமாகவே தோன்றலாம். முகத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே உண்மையைக் காட்டும்.

சென்னையில் ஒரு மாணவி

1985ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர் நிர்மலா. அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், "எய்ட்ஸ் கிருமி நம் நாட்டிலும் இருக்கிறதா என்று ஏன் ஆராயக்கூடாது?" என்று கேட்டார். அக்காலத்தில் அது மேல்நாட்டு நோய் என்றும், நம் பண்பாட்டுக்குள் அது வராது என்றும் படித்தவர்களே நம்பியிருந்தார்கள். நிர்மலாவுக்கும் முதலில் தயக்கந்தான். அவருடைய கணவரே ஊக்கமளித்தார்.

பாலியல் தொழிலில் சிக்கிக் காவல்துறையால் பிடிக்கப்பட்ட பெண்கள் வைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்கு நிர்மலா சென்றார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுச் செல்வார். கையுறைகூட இல்லாமல் சுமார் 80 பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதனைச்சாலை வசதி போதாததால், அவற்றைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்துக் காத்தார். 1986 பிப்ரவரியில், கணவரோடு இரவு இரயிலேறி, ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரிகளுடன் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். அங்கு நடந்த சோதனையில் ஆறு மாதிரிகள் கிருமி இருப்பதைக் காட்டின. மறுசோதனையிலும் அது உறுதியாயிற்று. அவ்வாண்டே தமிழகச் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் இதனை அறிவித்தார்.

இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட வரலாறு இதுவே. ஒரு பேராசிரியையும் ஒரு மாணவியும் செய்த பணி அது. பெண் கல்வியின் பயன் என்ன என்று எவரேனும் கேட்டால் இதனை எடுத்துச் சொல்லுங்கள். டாக்டர் சுனிதி சாலமன் அதோடு நின்றுவிடவில்லை. பல மருத்துவர்களே நோயாளிகளைத் தொட அஞ்சிய காலத்தில், 1993இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கி அவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். 2015இல் அவர் மறைந்த பின், 2017இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அடைத்து வைத்தால் அடங்கியதா?

ஆனால், இரத்தம் கொடுத்த அந்தப் பெண்களின் நிலை என்ன? எதற்காகத் தங்கள் இரத்தம் எடுக்கப்படுகிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. நோய் பற்றிய செய்தி பரவியதும், பழி முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில், கிருமி உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக, விடுதலைக் காலம் கடந்த பின்னும் பல பெண்கள் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். ஷ்யாமளா நடராஜ் என்ற பெண் பத்திரிகையாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய பின்னரே, 1990இல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

கோவாவிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. டோமினிக் டிசூசா என்ற கத்தோலிக்க இளைஞர் அடிக்கடி இரத்ததானம் செய்பவர். 1989 பிப்ரவரியில் காவலர் அவரை அழைத்துச் சென்றனர். அவர் கொடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி. காணப்பட்டது என்பதே காரணம். பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாள் தனிமையில் அடைக்கப்பட்டார். அவருடைய தாயும் நண்பர்களும் போராடி அவரை மீட்டனர். 1992இல் இறப்பதற்கு முன், தம்மைப் போன்றவர்களுக்காக ஒரு சங்கம் அமைக்க வழிசெய்தார் அந்த இளைஞர்.

இவ்வாறு அடைத்து வைத்ததால் நோய் அடங்கியதா? இல்லை. காரணம் எளியது. அடைக்கப்பட்டவர்கள் சோதனைக்கு உட்பட்ட சிலர் மட்டுமே. அந்தப் பெண்களை நாடி வந்த ஆண்களை எவரும் சோதிக்கவில்லை, அடைக்கவுமில்லை. அவர்கள் நலமுடன் தோன்றியபடியே தம் இல்லங்களுக்குத் திரும்பினார்கள். மேலும், "சோதனைக்குப் போனால் சிறை, ஊரறிந்தால் அவமானம்" என்ற அச்சம் பரவியபோது, கிருமி உள்ளவர்கள் மறைந்து வாழத் தலைப்பட்டனர். மறைந்தவருக்கு மருந்து இல்லை, அறிவுரை இல்லை. அவர்களிடமிருந்து அறியாமலே பிறருக்குக் கிருமி சென்றது. ஆக, அவமானம்தான் நோய்க்கு மறைவிடமாக அமைந்தது.

தமிழகம் கற்ற பாடம்

1992இல் மத்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பை ஏற்படுத்தியது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. பின்னர் மற்ற மாநிலங்களும் இதே முறையைப் பின்பற்றின. 1995 முதல் சென்னையில் உள்ள தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனை ஒரு பெரிய தடுப்புத் திட்டத்தை நடத்தியது. நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஊழியர்கள் சென்று, ஓட்டுநர்களோடும் உதவியாளர்களோடும் அமர்ந்து பேசினர். பால்வினை நோய்களுக்கு மருத்துவமும் செய்யப்பட்டது. அந்நோய்களால் ஏற்படும் புண் வழியே எச்.ஐ.வி. எளிதில் புகும் என்பதால் இது முக்கியமான பணியாகும். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விளம்பரம் ஊர் ஊராகச் சுவர்களில் நின்று அனைவரையும் பேச வைத்தது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும்.

கல்கத்தாவில் சோனாகாச்சி என்ற பகுதியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா வேறொரு வழியைக் காட்டினார். அங்கு வாழும் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி அளித்து, அவர்களையே மற்றவர்களுக்கு ஆசிரியைகளாக்கினார். வெளியாள் வந்து உபதேசித்தால் கேளாதவரும், தம்மைப் போன்ற ஒருத்தி வந்து பேசினால் கேட்டனர். பிள்ளைகளுக்குப் படிப்பு, சேமிப்பு வசதி, வன்முறையிலிருந்து பாதுகாப்பு ஆகியவையும் சேர்ந்தபோது, "பாதுகாப்பின்றி வேண்டாம்" என்று மறுத்துச் சொல்லும் துணிவு அவர்களுக்கு வந்தது. வறுமையில் இருப்பவளுக்கு மறுக்கும் உரிமை ஏட்டில் மட்டுமே இருக்கும். வயிற்றுக்கு வழி உண்டானால்தான் அந்த உரிமை கைக்கு வரும்.

திருநங்கையரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டாரால் விரட்டப்பட்டு, வேலையும் கிடைக்காமல், தெருவுக்குத் தள்ளப்பட்டவர்கள் அவர்கள். 2008இல் தமிழக அரசு அவர்களுக்கென நல வாரியம் ஒன்றை அமைத்தது. குடும்ப அட்டையும் மருத்துவமும் மரியாதையும் கிடைக்கும் இடத்துக்குத்தான் மனிதர் துணிந்து வருவர். ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், மணிப்பூர் போன்ற மாநிலங்களில் ஊசிவழிப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

அரசின் தடுப்புத் திட்டங்களில் ஆணுறைக்குப் பெரிய இடம் உண்டு. அதை முறையாகவும் தவறாமலும் பயன்படுத்தினால் கிருமி பரவுவது பெரிதும் தடைபடும் என்பது மருத்துவ உண்மை. திருமணத்துக்கு முன் கற்பையும், திருமணத்துக்குப் பின் பிரமாணிக்கத்தையும் நம் திருச்சபை கற்பிக்கிறது. மேலான வழி அதுவே என்று நாம் நம்புகிறோம். ஆயினும், மருத்துவ உண்மையை மறைப்பதால் ஒழுக்கம் வளர்ந்துவிடாது. இரண்டையும் தெளிவாக அறிந்திருப்பதே கல்வி கற்றவர்க்கு அழகு.

இரத்தத்தின் வழியாகப் பரவுவதும் படிப்படியாகத் தடுக்கப்பட்டது. 1989 முதல் ஏற்றப்படும் இரத்தத்தை எச்.ஐ.வி.க்குச் சோதிப்பது கட்டாயமாயிற்று. காசுக்கு இரத்தம் விற்கும் வழக்கத்தை ஒழிக்குமாறு 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 முதல் அது தடை செய்யப்பட்டது. வறுமையால் இரத்தம் விற்றவர்களை ஏசுவதால் அல்ல, விருப்பத்தோடு தானம் செய்பவர்களைப் பெருக்கியதால்தான் இரத்தம் தூய்மையாயிற்று. எனினும், விழிப்பு ஒருநாளும் தளரக்கூடாது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கிருமி உள்ள இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி தமிழகத்தையே உலுக்கியது.

இம்முயற்சிகள் பயன் தந்தனவா? 2006இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலங்களில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில், 2000ஆம் ஆண்டில் நூற்றுக்கு 1.7 பேரிடம் இருந்த கிருமி, 2004இல் 1.1 பேராகக் குறைந்திருந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அரவணைத்துச் சென்ற வழி பலன் தந்தது என்பதற்கு இது சான்று.

தாயும் சேயும்

ஒரு காலத்தில் எச்.ஐ.வி. என்றால் மரணம் என்றே பொருள். 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் நிலைமை மாறிற்று. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் இம்மருந்து அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. முதலில் தொடங்கிய சில மையங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 1928இல் காசநோயாளருக்காகத் தொடங்கப்பட்ட அம்மருத்துவமனை, பிற இடங்களில் ஏற்றுக்கொள்ளப்படாத எய்ட்ஸ் நோயாளர் பலருக்குப் புகலிடமாக விளங்கியது. 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்த உடனேயே மருந்து தொடங்கப்படுகிறது. நம் பகுதியினர்க்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இச்சிகிச்சை கிடைக்கிறது.

மருந்தை ஒருநாளும் தவறாமல் உட்கொள்பவரின் இரத்தத்தில் கிருமி, சோதனைக்கே தென்படாத அளவு குறைந்துவிடும். அந்நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் மற்றவருக்குக் கிருமி பரவுவதில்லை என்று பெரிய ஆய்வுகள் நிலைநாட்டியுள்ளன. ஆகவே, ஒருவருக்குச் சிகிச்சை அளிப்பது அவரை மட்டுமன்றி, பிறரையும் காக்கிறது. கிருமியை முற்றிலும் ஒழிக்கும் மருந்தோ, தடுப்பூசியோ இன்னும் வரவில்லை. ஆனால், சர்க்கரை நோயாளர் போல மருந்துடன் நீண்டகாலம் வாழ இயலும்.

தாய்மாருக்கு இது பெரும் வரம். சிகிச்சை ஏதும் இல்லையெனில், கிருமி உள்ள 100 தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் 15 முதல் 45 வரை கிருமியோடு வளர நேரிடும். தாய்க்கு உரிய காலத்தில் மருந்தும், குழந்தைக்குப் பிறந்தவுடன் சொட்டு மருந்தும் கொடுத்தால், இது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். இதற்காகவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இச்சோதனை செய்யப்படுகிறது. கியூபா 2015இலும், தாய்லாந்து 2016இலும், நம் அண்டை நாடான இலங்கை 2019இலும், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றன. செல்வம் மிகுந்த நாடுகளால்தான் முடியும் என்பதில்லை. கர்ப்பிணி ஒருத்தியையும் விட்டுவிடாத நாடுகளால் முடியும்.

நம் வீட்டு வாசலில்

இது நகரத்து நோய், நமக்கென்ன என்று நினைக்கலாகாது. காவிரி பொய்த்த ஆண்டுகளில் நம் பக்கத்து ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும், கடல் கடந்தும் பிழைப்புத் தேடிச் செல்கிறார்கள். அறுவடைக் காலத்தில் வெளிமாவட்டங்களிலிருந்து அறுவடை இயந்திரங்களோடு ஓட்டுநர்கள் வருகிறார்கள். நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் லாரிகள் நாட்கணக்கில் காத்து நிற்கின்றன. இவர்களெல்லாம் உழைப்பாளிகள். நம் நெல்லை ஊர் சேர்ப்பவர்கள். இவர்களை ஐயத்துடன் பார்ப்பது பெருந்தவறு. ஆனால், குடும்பத்தைப் பிரிந்து, தனிமையில், அறிவுரை சொல்ல ஆளின்றி மாதக்கணக்கில் வாழ்பவர்க்கு ஆபத்து அதிகம் என்பதையும் மறுக்க முடியாது. அந்த ஆபத்து அவர்களோடு நிற்பதில்லை. ஊரில் காத்திருக்கும் மனைவியையும், அவள் வயிற்றில் வளரும் குழந்தையையும் அது தேடி வருகிறது.

நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கௌசல்யா என்பவரின் வரலாறு இதற்குச் சான்று. 1995இல் லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்த அவர், சில வாரங்களிலேயே தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்தார். அவர் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. முகத்தை மறைத்துக்கொள்ளாமல் அவர் வெளிப்படையாகப் பேசினார். 1998இல் தம்மைப் போன்ற சில பெண்களோடு சேர்ந்து, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான கூட்டமைப்பைச் சென்னையில் நிறுவினார். கணவனை இழந்து, மாமியார் வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, சொத்துரிமையும் மறுக்கப்பட்ட பெண்களுக்கு அது துணை நின்றது.

மாணவியரே, ஒரு பெண்ணின் பிரமாணிக்கம் மட்டுமே அவளுக்குக் காவலாகிவிடாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. கற்பு நெறி இருபாலருக்கும் பொது. பெற்றோர்களே, நம் பங்குகளில் திருமணத்துக்கு முன் மூன்று முறை ஓலை வாசிக்கிறோம். தடை ஏதும் உண்டா என்று ஊரறியக் கேட்கிறோம். திருமணத் தயாரிப்பு வகுப்புக்கும் மணமக்களை அனுப்புகிறோம். நகையையும் நிலத்தையும் விசாரிக்கும் நாம், மணமக்கள் இருவரும் மனமொத்து முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதை ஒரு நல்ல வழக்கமாக்கலாமே. இது எவரையும் கட்டாயப்படுத்திச் செய்வதன்று, பெண்ணை மட்டும் சோதிப்பதுமன்று. இருவரும் ஒருவருக்கொருவர் அளிக்கும் உண்மையின் பரிசு அது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இச்சோதனை இலவசம். முடிவு இரகசியமாகவே வைக்கப்படும்.

பள்ளியின் வாசலில்

2003இல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், எய்ட்ஸால் பெற்றோரை இழந்த இரண்டு சிறு பிள்ளைகள் இருந்தனர். அவர்களுக்கும் கிருமி இருந்தது. அவர்கள் பள்ளிக்கு வந்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று மற்ற பெற்றோர் போராடினர். எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாநிலத்திலேயே இது நடந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்வதால் பரவாது என்ற அந்த ஒரு வரியை அறிந்திருந்தால், அப்பெற்றோர் அவ்வாறு செய்திருப்பார்களா? அல்லது, அறிந்தும் அச்சம் வென்றதா? நாம் ஒவ்வொருவரும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. நாளை நம் பள்ளிக்கு அத்தகைய பிள்ளை வந்தால் நாம் என்ன செய்வோம்?

இன்று சட்டம் இதற்கு விடை கூறிவிட்டது. 2017இல் நாடாளுமன்றம் இயற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. கிருமி உள்ளவர் என்பதற்காக ஒருவருக்குப் பள்ளியில் இடமோ, வேலையோ, மருத்துவமோ, குடியிருக்க வீடோ மறுக்கக்கூடாது. அவர் சம்மதமின்றிச் சோதனை செய்யக்கூடாது. அவரது நிலையை வெளியில் சொல்லக்கூடாது. 1986இல் எதற்கென்று தெரியாமலே இரத்தம் கொடுத்த அந்த ஏழைப் பெண்களுக்கு இல்லாத உரிமை, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது.

ஆனால், சட்டத்தால் கதவைத்தான் திறக்க முடியும். உள்ளே வருபவளுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தருவது நம் கையில்தான் இருக்கிறது.

நம் விசுவாசம் காட்டும் வழி

இயேசு பெருமான் வாழ்ந்த நாளில் தொழுநோயாளர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். தம்மைத் தேடி வந்த தொழுநோயாளியை அவர் தூர நின்று குணமாக்கியிருக்கலாம். ஆனால், கையை நீட்டித் தொட்டார் என்று நற்செய்தி கூறுகிறது. அந்தத் தொடுதலே பாதி மருந்து. அவ்வழியில் நடந்த புனித தமியான், மொலக்காய் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து, அந்நோயாலேயே 1889இல் உயிர்நீத்தார். எய்ட்ஸ் என்றாலே உலகம் நடுங்கிய காலத்தில், 1985ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், அன்னை தெரேசா நியூயார்க் நகரில் எய்ட்ஸ் நோயாளருக்கென ஓர் இல்லத்தைத் திறந்தார். அவர்கள் எவ்வாறு நோயுற்றனர் என்று அன்னை விசாரிக்கவில்லை. சமாரியன்கூட, அடிபட்டுக் கிடந்தவனிடம் "இந்த நேரத்தில் இந்த வழியாக ஏன் வந்தாய்?" என்று கேட்கவில்லை அல்லவா?

மாணவியர் செய்யத் தக்கவை

உண்மையை முதலில் நீங்கள் அறியுங்கள். பின்னர் வீட்டில் அம்மாவுக்கும் அத்தைக்கும் பாட்டிக்கும் எடுத்துச் சொல்லுங்கள். கிருமி உள்ளவரைப் பற்றிய வம்புப் பேச்சு உங்களிடம் வந்தால், அதை உங்களோடு நிறுத்திவிடுங்கள். கருவுற்ற உறவினரை உரிய காலத்தில் சோதனைக்கு அனுப்பத் தூண்டுங்கள். ஊசி போட்டுக்கொள்ளும்போது புதிய ஊசியா என்று பணிவோடு கேளுங்கள். பதினெட்டு வயதானபின் இரத்ததானம் செய்யுங்கள். கல்லூரிக்குச் செல்பவர்கள் அங்குள்ள செஞ்சுருள் சங்கத்தில் சேருங்கள். எவரேனும் உங்களைத் தகாத முறையில் தொட்டாலோ, வற்புறுத்தினாலோ, அஞ்சி மறைக்காமல் தாயிடமோ ஆசிரியையிடமோ கன்னியரிடமோ உடனே சொல்லுங்கள். அது உங்கள் குற்றமன்று. உடனே மருத்துவமனை சேர்ந்தால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் மருந்தால் கிருமி தொற்றாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஐயம் எதுவாயினும் 1097 என்ற இலவசத் தொலைபேசியில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

1988 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1ஆம் நாள் உலக எய்ட்ஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. உலகெங்கும் ஏறத்தாழ நான்கு கோடி பேர் இக்கிருமியோடு வாழ்கின்றனர். நம் நாட்டில் மட்டும் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். அன்று அவர்களுக்காகச் செபிப்போம். செபித்துவிட்டு எழும்போது, நம் கரையின் மெலிந்த இடம் எது என்று பார்ப்போம். அங்கே நிற்பவளைத் திட்டாமல், அவளோடு சேர்ந்து மண் சுமப்போம். ஊர் பிழைப்பது அப்படித்தான். பூண்டி மாதா நம் எல்லோரையும் காப்பாராக.

சிந்தனைக்கு

1. எச்.ஐ.வி., எய்ட்ஸ் ஆகியவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு யாது?
2. கிருமி பரவும் நான்கு வழிகளையும், பரவாத ஐந்து வழிகளையும் எழுதுக.
3. நோயாளரை அடைத்து வைத்தது நோயைத் தடுக்கவில்லை. ஏன்?
4. ஒருவருக்கு அளிக்கும் சிகிச்சை மற்றவர்களையும் காப்பது எங்ஙனம்?
5. கிருமி உள்ள ஒரு மாணவி உங்கள் வகுப்பில் சேர்ந்தால், முதல் நாள் நீங்கள் அவளுக்கு என்ன செய்வீர்கள்? பெற்றோரோடு கலந்து பேசி எழுதுக.